வென்று பின்தங்கிய ஆட்டம்

பந்து எடுக்கவென்று இன்று மத்தியானம் விளையாட்டு மண்டபத்தின் கீழ்த்தளச் சாமான் அறையைத் திறந்தேன். உன் நாற்றம் வந்து முகத்தில் அடித்தது. இப்படி எழுதினால் நீ சண்டைக்கு வருவாய் என்று தெரியும். ஆனால் கோல் காப்பாளரின் கால் பட்டை, மார்புக் கவசம், கையுறை எல்லாவற்றையும் ஈரம் காயாமலே ஒரு பைக்குள் திணித்து மூடிவைக்கிற பழக்கம் உன்னுடையதுதானே. உனக்குப் பிறகு எத்தனையோ பேர் அந்தக் கவசங்களைப் போட்டு விளையாடிவிட்டார்கள். கழுவியும் பார்த்தோம், வெயிலில் போட்டும் பார்த்தோம், இந்த ஆஹென் நகரில் வெயில் கிடைத்த நாட்களில். அந்தப் புளித்த வாசம் மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். பந்தை எடுக்காமலே மேலே வந்தும் விட்டேன்.

நீ கோவில்பட்டியிலிருந்து இங்கே மாஸ்டர்ஸ் படிக்க வந்த முதல் குளிர்காலத்தில்தான் எங்கள் சிநேகிதம் தொடங்கியது. நான் யாழ்ப்பாணத்துத் தாய்தகப்பனுக்குப் பிள்ளையாய்ப் பிறந்து, எட்டு வயதிலிருந்து இந்த ஜெர்மன் நாட்டில் வளர்ந்தவள். பல்கலைக்கழகத்தின் கலப்பு ஹொக்கி அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நீ வந்து நின்றாய். எங்கள் ஊரில் கிரிக்கெட் மட்டையைவிட ஹாக்கி மட்டைதான் அதிகம் என்று முதல் நாளே பெருமையடித்தாய். செம்மண் தரையில் விளையாடிப் பழகியவளுக்கு மண்டபத்துத் தரை வழுக்கியது. விழுந்தாய், எழும்பினாய், மறுபடி விழுந்தாய். பிறகு நீயாகவே போய்க் கோல் வாசலில் நின்றுகொண்டாய். விழுவதுதான் இங்கே வேலை என்றால் எனக்கு அது நன்றாக வரும் என்றாய்.

நான் ஏலாது என்று சொல்வதை நீ முடியாது என்பாய். இரண்டு பேரும் சேர்ந்து ஏலாது, முடியாது என்று முரண்டு பிடித்த வேலைகளைத்தான் கடைசியில் நாங்களே செய்து முடித்தோம். அதில் ஒன்று அணியின் ஆட்ட அட்டவணை. எங்கள் லீக்கில் யார் யாரோடு விளையாடுவது என்று மேலிடம் எதையும் தீர்மானிக்காது. ஒவ்வொரு அணியும் தானே மற்ற அணிகளுக்கு எழுதி, கெஞ்சி, நாள் பிடித்து ஆட்டங்களை ஒழுங்குபண்ண வேண்டும். பருவ முடிவில் ஒரு சூத்திரத்தில் போட்டுத் தரவரிசை எடுப்பார்கள். மேலே வருகிற சில அணிகளுக்குத்தான் இறுதிச் சுற்றில் இடம். எங்கள் அணி ஒரு தடவைகூட அந்த இறுதிச் சுற்றைக் கண்டதில்லை. அட்டவணையை என் தலையில் கட்டினார்கள், நீ கணக்குப் பார்க்கிறேன் என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய்.

பழைய சூத்திரம் குழந்தைப்பிள்ளைக்கும் விளங்கும். ஆடிய ஆட்டங்களில் எத்தனை பங்கு வென்றாய் என்பது மட்டும்தான். அதனால் எல்லோரும் நோஞ்சான் அணிகளைத் தேடித் தேடி விளையாடினார்கள். புதிதாகச் சேர்ந்த அணிக்குக் கிடைக்கிற மரியாதையைப் பார்த்தால் மாப்பிள்ளை வீட்டுக்காரர் தோற்றுப்போவார்கள். அந்த வருடத்துப் புது அணி, கிழக்கே தூரத்து ஊரான ஹாலே. பாவம், ஆள் பற்றாக்குறையோடு, பயிற்சியாளர் இல்லாமல், ஆசையில் தொடங்கிய அணி அது.

இலையுதிர்காலத்தில் எல்லா அணிகளும் ஒன்றாகப் பயிற்சி எடுத்த அந்த வாரஇறுதியை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. கிளம்புகிற நேரம் ஹாலே அணித் தலைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒருநாள் எங்கள் இடத்துக்குக் கட்டாயம் வாருங்கள், விளையாடிவிட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று நீ சொன்னாய். நம் ஆட்கள் வாசற்படியில் நின்று சொல்கிற அந்த வாருங்கள்தான் அது. சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் அதில் நாள் கிடையாது, கிழமை கிடையாது. வராவிட்டால் யாரும் குறை நினைப்பதில்லை. ஆனால் அந்தப் பெண்ணோ உடனே தொலைபேசியை எடுத்து, எந்த நாள் என்று கேட்டாள். நீ என்னைப் பார்த்தாய். நான் கூரையைப் பார்த்தேன். தை மாதக் கடைசிச் சனிக்கிழமை என்று ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தாய். அடுத்த வாரமே, முழு அணிக்கும் ரயில் டிக்கெட் எடுத்தாயிற்று, மிக்க நன்றி என்று கடிதம் வந்துவிட்டது.

அப்போது அது எங்களுக்கு இலாபம்தான். வலிய வந்து கிடைக்கிற சுலபமான வெற்றி. நீகூட, பார்த்தியா என் வாய் முகூர்த்தம் என்று தோளைக் குலுக்கினாய்.

பிறகு சூத்திரத்தை மாற்றினார்கள். நோஞ்சான் அணிகளை வென்றே எல்லோரும் மேலே ஏறுகிறார்கள் என்று பெரிய அணிகள் முறைப்பாடு வைத்தனவாம். புதுக் கணக்கில் உன் சொந்த வெற்றிக்குச் சின்னப் பங்குதான். யாரோடு விளையாடினாய், அவர்கள் எவ்வளவு பலம் என்பதற்குத்தான் பெரிய பங்கு. பலமான அணியிடம் தோற்றாலும் அதிகம் இறங்கமாட்டாய். கடைசியில் கிடக்கும் அணியை வென்றால், அவர்களுடைய பலவீனம் உன் கணக்கிலும் ஏறி உன்னைக் கீழே இழுக்கும். வென்று பின்தங்குவது என்று ஒன்று உலகத்தில் உண்டென்பதை நான் அந்தக் கடிதத்தைப் படித்துத்தான் அறிந்தேன்.

நேற்றுவரை வருந்தி அழைத்த அணிகளை இன்று யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஹாலேக்கு ஒவ்வொன்றாகக் கடிதம் போனது. ஒரு அணிக்கு மண்டபம் திருத்தவேலை, இன்னொரு அணிக்கு ஆட்களுக்குக் காய்ச்சல், மற்றதற்குப் பரீட்சை. அவர்கள் வெளியூரில் ஆட இருந்த ஆட்டங்களில் எங்களுடையது மட்டும் மிச்சம் நின்றது. வெளியூரில் ஒரு ஆட்டமாவது ஆடாத அணிக்கு மறுவருடம் லீக்கில் இடமில்லை என்பது விதி.

எங்களுக்கோ அந்தப் பருவம் அதிர்ஷ்டம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டியது. புதுச் சூத்திரம் வந்ததும் நீயும் நானும் பலமான அணிகளுக்கு எழுதித் தள்ளினோம். வாருங்கள், ஆட்டம் முடிய ரோல்ஸும் தேங்காய்ச் சம்பலும் தருவோம் என்று நான் எழுதியதை வாசித்து நீ தலையில் அடித்துக்கொண்டாய். ஆனால் வந்தார்கள். தெற்கே கடைக்கோடியிலுள்ள கார்ஹிங்கிலிருந்து நாள் முழுக்க ரயிலில் இருந்துகூட வந்தார்கள். சிலரிடம் தோற்றோம், சிலரை வென்றோம். கோல் வாசலில் நீ விழாத திசை இல்லை. தை பிறந்தபோது தரவரிசையில் இறுதிச் சுற்றுக்கான கோட்டுக்கு மேலே எங்கள் பெயர் இருந்தது. அந்தப் பட்டியலை நீ குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்திருந்தாய். மாணவர் வீட்டில் கூட இருந்தவர்கள் பால் எடுக்கவே பயந்தார்கள்.

அந்த இடம் உனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும். வேனிலில் ஆய்வேட்டைக் கொடுத்தால் எங்கள் அணியில் உன் காலம் முடிந்தது. இன்னொரு பருவம் உனக்கு இல்லை. பள்ளியில் மாவட்ட அணிக்கு உன்னை எடுக்காமல் விட்ட கதையை எத்தனை தரம் சொல்லியிருப்பாய். ஒரே ஒரு தடவை, தெரிந்தெடுக்கப்பட்ட அணியில் நான் நிற்க வேண்டும் என்பாய். அதைச் சொல்கிறபோது மட்டும் உன் முகத்தில் பகிடி இருக்காது.

ஹாலே ஆட்டத்துக்கு முந்திய வாரம் உன் வீட்டுச் சமையலறையில் கூடினோம். கணக்கை நீயே போட்டு வைத்திருந்தாய். வென்றால் கோட்டுக்குக் கீழே போவோம். தோற்றால் இன்னும் கீழே. ஆடாவிட்டால் இருக்கிற இடத்திலேயே இருப்போம். எங்கள் அணித் தலைவி யானா நல்ல பிள்ளை, யாருக்கும் கெடுதல் நினைக்காதவள். அவளும் சொன்னாள், மன்னிப்புக் கேட்டு எழுதிவிடுவோம், டிக்கெட் காசையும் நாங்களே கொடுப்போம் என்று. எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்தான். அதற்காக நான் இன்றும் வெட்கப்படவில்லை. கணக்கு கணக்குத்தான்.

நீ மட்டும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாய். நான் தமிழில் உன்னிடம் சொன்னேன்.

"நீ சும்மா மரியாதைக்குச் சொன்னது. அவையள் அதைப் பிடிச்சு நாள் குறிச்ச டெர்மின் ஆக்கிப்போட்டினம். அதுக்கு நீ என்ன செய்யிறது?"

"மரியாதைக்குத்தான் சொன்னேன். அதான் இப்ப இடிக்குது," என்றாய். "வாங்கன்னு சொன்ன வாயால வராதீங்கன்னு எப்படிடி சொல்ல?"

யானாவுக்கு அதை ஜெர்மன் மொழியில் விளக்க நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். அழைப்பு என்றால் ஒப்பந்தம் இல்லையே, ரத்துச் செய்யலாமே என்றாள் அவள். நீ உன் ஓட்டை ஜெர்மனில், அவர்களோடு யாருமே விளையாடாவிட்டால் அவர்கள் எப்போது விளையாடக் கற்பது என்று கேட்டாய். பிறகு யானா, உனக்குத்தான் இது கடைசிப் பருவம், நீயே ஆடுவோம் என்றால் எங்களுக்கு மறுப்பில்லை என்றாள். நீ மறுபடி வெங்காயத்தை எடுத்தாய். எனக்கு உன்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. உன் ஆசையின் கழுத்தை நீயே நெரிக்கிறாய் என்று வாசலில் நின்று கத்திவிட்டுத்தான் போனேன். நீ சிரித்துக்கொண்டே, சனிக்கிழமை ரோல்ஸ் மறந்துராத என்று பின்னாலிருந்து சொன்னாய்.

வந்தார்கள். மலிவு டிக்கெட் என்பதால் ஊர் ஊராக ரயில் மாறி, பையும் படுக்கைப் பையுமாக வந்து இறங்கினார்கள். மாற்று ஆள் என்று ஒருவரும் இல்லை. களைத்தவர்களைப் பார்த்து எங்கள் பெடியன் ஒருவன், பாவம், ஒன்றிரண்டு கோல் விட்டுக்கொடுப்போமா என்று கேட்டான். நீ முறைத்த முறைப்பில் அவன் ஆட்டம் முடியும்வரை உன் பக்கம் திரும்பவில்லை. இறுதிச் சுற்றில் நிற்பதுபோல்தான் நின்றாய். நிலத்தோடு நிலமாக விழுந்து தடுத்தாய். ஒரு கோலும் விடவில்லை. பெரிய வித்தியாசத்தில் வென்றோம். ஆட்டம் முடிந்து கைகொடுக்கும்போது ஹாலே அணித் தலைவி, இந்த வருடம் எங்களை மதித்து விளையாடிய அணி உங்களுடையதுதான் என்றாள். அவளுக்கு எங்கள் கணக்கு தெரியாது. சொல்லக் கூடாது என்று நீ எங்கள் எல்லோரிடமும் வாக்கு வாங்கியிருந்தாய்.

சாப்பாட்டு நேரம் நீ வழக்கம்போல உன் எலுமிச்சைச் சோற்றுக்கும் என் ரோல்ஸுக்கும் போட்டி வைத்தாய். எது முதலில் தீர்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாய். ரோல்ஸ்தான் முதலில் தீர்ந்தது. இதை எழுத்தில் பதிந்துவைக்கிறேன், நீ எழுந்து வந்து மறுக்கமுடியாது. கிளம்பும்போது அந்தப் பெண், எங்கள் ஊரில் ஒரு பழைய அறநிலையத்தில் முன்னூறு வருடத்துக்கு முந்திய தமிழ்க் கடிதங்கள் இருக்கின்றன, நீங்களும் வாருங்கள் என்றாள். நீ என் காதுக்குள், இது மரியாதையா டெர்மினா என்று கேட்டாய். அவள் அதற்குள் தொலைபேசியில் நாட்களைத் தள்ளிப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். பங்குனியில் போனோம். கண்ணாடிக்கு மூக்கை ஒட்டவைத்துக்கொண்டு நீ எழுத்துக் கூட்டி வாசித்ததும், காவலாள் வந்து விலகச் சொன்னதும் ஞாபகம் இருக்கிறதா?

ஆனால் அதற்கு முன்பே பட்டியல் வந்துவிட்டது. கோட்டுக்குக் கீழே முதல் பெயர் எங்களுடையது. எல்லோருக்கும் முன்னால் நீ, சரி விடுங்கப்பா, அடுத்த வருஷம் பாத்துக்குங்க என்று தமிழிலேயே சொல்லிவிட்டுச் சாமான் அறைக்குப் போனாய். அவர்களுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. நான் பின்னால் வந்தபோது கால் பட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாய். விம்மி விம்மி, சின்னப்பிள்ளை மாதிரி. பக்கத்தில் உட்கார்ந்தேன். வருத்தமாத்தான் இருக்கு, ஆனா திரும்பவும் இதைத்தான் செய்வேன் என்றாய். அந்த நிமிடம் என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. உன்னைச் சிநேகிதி என்று சொல்லிக்கொள்ள எனக்கு அன்றைக்கு வந்த பெருமை இன்றைக்கும் குறையவில்லை.

அழுது முடிந்ததும் நீ சும்மா இருக்கவில்லை. கோடையில் நடந்த லீக் கூட்டத்துக்கு ஒரு அந்த்ராக், விதியை மாற்றக் கேட்டு ஒரு மனு, எழுதினோம். வேண்டுகோள் இதுதான்: ஒரு வெற்றி ஒரு அணியின் கணக்கைக் குறைக்குமானால், அந்த வெற்றியைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட வேண்டும். ஜெர்மன் மொழியை நான் திருத்தினேன். கூட்டத்தில் நான் பேசுகிறேன் என்றேன், நீ விடவில்லை. பிழையும் திக்கலுமாக நீயே எழுந்து நின்று பேசினாய். முன்வரிசையில் இருந்த ஒருவர், கணக்கு உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது, பிறகு ஏன் அந்த ஆட்டத்தை ஆடினீர்கள் என்று கேட்டார். கேலியாக அல்ல, உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார். நீ கொஞ்சம் யோசித்துவிட்டு, நாங்கள் கூப்பிட்டோம், அவர்கள் வந்தார்கள் என்றாய். அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாய்.

கைகள் உயர்ந்தன. எண்ணியதை வேகமாக ஜெர்மனில் வாசித்தார்கள். நீ என் முழங்கையில் இடித்து, என்னடி, ஜெயிச்சமா தோத்தமா என்று கேட்டாய். வென்றோம் என்று சொன்னதும், இது கணக்குல சேருமா என்றாய். நான் சிரித்த சிரிப்பில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த விதியால் உனக்கு ஒரு பலனும் கிடைக்கவில்லை. நீ ஆய்வுப் படிப்புக்குக் கார்ஹிங் போனாய். தரவரிசை வெளியாகும் நாளில் மட்டும் தவறாமல் கூப்பிடுவாய். நிலத்தடி ரயிலுக்குள் இருந்து பேசுவாய், சத்தத்தில் பாதி கேட்காது. நாங்கள் முதல் தடவை கோட்டுக்கு மேலே போன வருடம் நீ போட்ட கூச்சலில் ரயிலில் இருந்தவர்கள் பயந்துபோனார்களாம். அதற்கடுத்த வருடம் நோய் வந்தது. ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்தபோது ஹாலே எத்தனையாவது இடம் என்று கேட்டாய். நடுவில் நிற்கிறார்கள், போன கிழமை எங்களை வென்றும் போட்டார்கள் என்றேன். நன்றிகெட்ட பயலுக என்று சொல்லிவிட்டுச் சந்தோஷமாகச் சிரித்தாய். உன்னைக் கோவில்பட்டிக்குக் கொண்டுபோன அன்று நான் இங்கே வேலைக்குப் போனேன். வேறு எங்கே போவதென்று எனக்குத் தெரியவில்லை.

நான் ஆஹெனிலேயே வேலையாகித் தங்கிவிட்டேன். மாணவர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், அட்டவணை மட்டும் இன்னும் என் தலையில்தான். இப்போது எல்லோரும் புது அணிகளைத் தயங்காமல் அழைக்கிறார்கள், நட்டமில்லை என்று உன் விதி உறுதி சொல்வதால். இந்த வருடம் சூத்திரத்தை மறுபடி மாற்றப்போகிறார்களாம். கணினியே எல்லாவற்றையும் எடைபோட்டுப் பார்க்குமாம், அதனால் உன் விதி இனித் தேவையில்லை, எடுத்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. அந்தக் கடிதத்தை வாசித்தபோது எனக்கு நெஞ்சு எரிந்தது. கூட்டத்துக்குப் போய் எதிர்த்துப் பேசத்தான் போகிறேன். வெல்வேனா தெரியாது. அந்த விதி போய்விட்டால் உன்னுடையது என்று இங்கே என்ன மிஞ்சும் என்று நாலைந்து நாளாக அதே யோசனை.

இன்று பின்னேரம் பயிற்சி முடிந்ததும் இப்போதைய அணித் தலைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு இருபது வயது இருக்கலாம். உன்னைக் கண்டதில்லை, உன் பெயரைக் கேட்டதுமில்லை. இந்தப் பருவம் நாங்கள் அழைத்திருக்கிற புது அணி இருக்கிறதே, விதியை எடுத்துவிட்டால் அவர்களை வென்றாலும் நாங்கள் இறங்குவோம், இறுதிச் சுற்று கைவிட்டுப் போகலாம், ஆட்டத்தை ரத்துச் செய்ய வேண்டுமானால் இப்போதே எழுதவேண்டும் என்றேன். வேண்டுமென்றேதான் கேட்டேன்.

அவள் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. இது என்ன கேள்வி என்கிற குரலில், "அவர்களை வரச்சொல்லிவிட்டோமே," என்றாள்.

ஓம், வரச்சொல்லிவிட்டோம் என்று மட்டும் சொன்னேனடி.